கவுன்ட் ரிப்போர்ட் வந்த பிறகு: ஆண்களின் மனச்சோர்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘மலடி’ என்ற வசவு தமிழ்நாட்டில் எல்லாத் தெருவிலும் புழங்கியது. ‘மலடன்’ அகராதியில் இருக்கிறது, யார் வாயிலும் வருவதில்லை. குழந்தை தங்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் காரணம் உண்டு. ஆனாலும் அதைப் பேச ஆணுக்குச் சொல்லும் இல்லை, ஆளும் இல்லை. விந்தணு எண்ணிக்கை (கவுன்ட்) குறைவு என்று ரிப்போர்ட் வந்த பிறகு, அப்படி வெளியே கேட்க முடியாமல் உள்ளேயே கிடக்கும் கேள்விகள்தான் இவை. எல்லாவற்றையும் வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, உங்கள் கேள்விக்கு நேராகப் போங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு இருந்தால் மட்டும் படிப்பதை நிறுத்திவிட்டு 14416 என்ற மனநல உதவி எண்ணை அழையுங்கள். கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

ரிப்போர்ட் வாங்கியதிலிருந்து மனசே சரியில்லை. இது வருத்தமா, டிப்ரஷனா?

நாள் கணக்கை வைத்து ஓரளவு பிரிக்கலாம். கெட்ட சேதி கேட்டவருக்கு ஒரு வாரம் பத்து நாள் சோறு இறங்காமல், தூக்கம் பிடிக்காமல் போவது இயல்பு. ஆனால் நடுநடுவே மனம் மேலே வரும். நண்பர் சொன்ன கதைக்குச் சிரிப்பு வரும், மேட்ச்சில் விக்கெட் விழுந்தால் கை தட்டத் தோன்றும். மனச்சோர்வு நோயில் அந்த மேலெழுச்சி இருக்காது. இரண்டு வாரமோ அதற்கு மேலோ, ஏறக்குறைய தினமும், நாளின் பெரும்பகுதி மனம் கனத்துக் கிடக்கும், அல்லது எதிலுமே நாட்டம் இருக்காது. கூடவே தூக்கக் கேடு, பசி மாற்றம், அசதி, கவனம் சிதறல், ‘என்னால்தான் எல்லாம்’ என்ற குற்ற உணர்வு, சாவு நினைப்பு இவற்றில் சில சேர்ந்து வேலையையோ வீட்டையோ பாதித்தால் அது சிகிச்சை கேட்கும் நோய்.

ஆண்களிடம் இது அழுகையாக வருவது குறைவு, சிடுசிடுப்பாக வரும். தோசை ஆறிப்போனதற்குக் கத்துவது, வண்டியைக் கண்மண் தெரியாமல் ஓட்டுவது, வேலை இல்லாத நாளிலும் ஆபீசில் உட்கார்ந்திருப்பது, எல்லாரும் தூங்கும்வரை மொட்டை மாடியில் போனைத் தேய்ப்பது, காரணம் பிடிபடாத முதுகுவலி, நெஞ்சு எரிச்சல். வீட்டார் இதைத் ‘திமிர்’ என்று எடுத்துக்கொள்வார்கள். அவருக்கே இது வருத்தம் என்று தெரிந்திருக்காது.

வீட்டிலேயே ஓரளவு அளந்து பார்க்கலாம். ‘பிஎச்க்யூ-9’ என்ற கேள்வித்தாள் தமிழிலும் உண்டு. 9 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. கடந்த இரண்டு வாரத்தை மட்டும் நினைத்துப் பதில் போட வேண்டும். 5 முதல் 9 வரை லேசானது. இரண்டு வாரம் கழித்து மறுபடி போட்டுப் பாருங்கள். 10-ஐத் தொட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும், 20-ஐ எட்டினால் தள்ளிப்போடவே கூடாது. கடைசிக் கேள்வி சாவு நினைப்பைப் பற்றியது. மொத்தம் வெறும் 4 வந்தாலும், அந்தக் கேள்விக்கு 1 போட்டிருந்தால் அன்றே யாரிடமாவது பேச வேண்டும்.

கவுன்ட் குறைவு என்றால் ஆண்மை இல்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. இந்தக் கேள்வியில் பாதி, நம் மொழி செய்த குழப்பம். விந்தணுக் குறைவு, விறைப்புக் குறைவு, ஆசைக் குறைவு, கோழைத்தனம் நான்கையும் ‘ஆண்மைக் குறைவு’ என்ற ஒரே மூட்டையில் கட்டி வைத்திருக்கிறோம். சுவரொட்டியிலும் அதுதான், பின்னிரவு டிவி நிகழ்ச்சியிலும் அதுதான். லேப் ரிப்போர்ட்டில் ஓர் எண் குறைந்ததும் மூட்டையிலுள்ள எல்லாமே தன்னுடையது என்று ஒருவர் தலையில் ஏற்றிக்கொள்கிறார்.

விரைக்குள் இரண்டு தனித்தனி வேலை நடக்கிறது. மெல்லிய குழாய்களுக்குள் விந்தணு உருவாகிறது. அந்தக் குழாய்களுக்கு நடுவே இருக்கும் செல்கள் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. மீசை, குரல், ஆசை, தசை எல்லாம் இரண்டாவது வேலையின் பலன். முதல் வேலை நின்றுபோயும் இரண்டாவது சரியாக நடப்பது சாதாரணம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட ஆணை நினைத்துப் பாருங்கள். அவர் விந்தில் ஒரு விந்தணுகூட இருக்காது. விந்தின் அளவும் தாம்பத்தியமும் பழையபடியே இருக்கும். திரவத்தில் விந்தணுவின் பங்கு அவ்வளவு சிறியது. ஆகவே கெட்டியாக இருக்கிறது, நீர்த்திருக்கிறது என்று கண்ணால் பார்த்து முடிவுகட்டுவதும் வீண்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சிலருக்கு இரண்டு வேலையும் சேர்ந்தே குறைந்திருக்கும். அப்போது அசதியும் மனச்சோர்வும் ஹார்மோன் குறைவாலேயே வரலாம். காலையில், முடிந்தால் 10 மணிக்குள், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து டெஸ்டோஸ்டிரோன் பார்க்கச் சொல்லுங்கள். சாயந்திரம் எடுத்தால் இயல்பாகவே குறைவாகக் காட்டும். கூடவே தைராய்டு, சர்க்கரை, பி12 பார்த்துவிடுவது நல்லது.

ரிப்போர்ட்டில் ‘96% அப்நார்மல்’ என்று போட்டிருக்கிறதே?

இந்த ஒரு வரியால் தூக்கம் இழந்தவர்கள் ஏராளம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி சரியான வடிவ விந்தணு 4% இருந்தாலே போதும். அதாவது நூற்றில் 96 கோணலாக இருப்பதும் நார்மல்தான். லேப் அச்சிடும் தாளில் 96 முதலில் கண்ணில் படுகிறது, அவ்வளவே.

மற்ற எல்லைகள்: அளவு 1.4 மி.லி., ஒரு மி.லி.க்கு 1.6 கோடி விந்தணு (ரிப்போர்ட்டில் 16 மில்லியன்), மொத்தம் 3.9 கோடி, அசைபவை 42%, முன்னோக்கி நகர்பவை 30%. பழைய பதிப்பைப் பின்பற்றும் லேபில் 15 மில்லியன் என்று இருக்கும், பெரிய வித்தியாசமில்லை. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பதுதான் தெரிந்துகொள்ள வேண்டியது. ஒரு வருடத்துக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களின் ரிப்போர்ட்டுகளை வரிசைப்படுத்தி, கீழே இருந்த 5% பேரைத் தள்ளி, அங்கே கோடு போட்டார்கள். தள்ளப்பட்ட அந்த 5% பேரும் அப்பா ஆனவர்கள்தான். கோட்டுக்குக் கீழே இருந்தால் வாய்ப்பு குறையும், நாள் பிடிக்கும். பாஸ், பெயில் மதிப்பெண் அது இல்லை.

ஒரே ரிப்போர்ட்டை நம்பியும் முடிவெடுக்கக் கூடாது. விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள், வெளியே வரும் பாதையைக் கடக்க இன்னும் சில நாள். அதனால் இரண்டு மாதத்துக்கு முன் வந்த டெங்கு காய்ச்சல் இன்றைய ரிப்போர்ட்டில் தெரியும். காய்ச்சல் வந்திருந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி எடுங்கள். வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வாங்கி இரவு 11 மணிக்குத் தேடிப் பார்ப்பதைத் தவிர்க்க ஒரு வழி: டாக்டர் அப்பாயின்ட்மென்ட் இருக்கும் அன்று காலையில் நேரில் வாங்கிக்கொள்கிறேன் என்று லேபில் சொல்லிவிடுங்கள்.

‘நில்’ என்று வந்துவிட்டது. எல்லாம் முடிந்ததா?

‘நில்’ என்றால் விந்தில் விந்தணுவே தென்படவில்லை என்று பொருள். நூற்றில் ஒரு ஆணுக்கு இப்படி வரும். முதலில் உறுதி செய்ய வேண்டும். சாம்பிளை மையவிலக்குக் கருவியில் சுற்றி, அடியில் படிவதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்களா என்று கேளுங்கள். வேறொரு நாளில் இரண்டாவது சாம்பிளும் வேண்டும். பிறகு ஆண்ட்ராலஜிஸ்டோ (ஆண்களின் இனப்பெருக்க மருத்துவர்) யூராலஜிஸ்டோ (சிறுநீர்ப்பாதை மருத்துவர்) கையால் பரிசோதித்து, எஃப்எஸ்எச் (விந்தணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோன்), டெஸ்டோஸ்டிரோன், தேவைப்பட்டால் குரோமோசோம், ஒய் குரோமோசோம் சோதனைகளும் எழுதுவார்.

விரை சரியான அளவில் இருந்து எஃப்எஸ்எச்சும் சரியாக இருந்தால் பெரும்பாலும் பாதையில் அடைப்பு. உள்ளே உற்பத்தி நடக்கிறது, ஊசி மூலம் எடுத்துவிடலாம். விரை சிறுத்து எஃப்எஸ்எச் ஏறியிருந்தால் உற்பத்தியிலேயே குறை. அதிலும் மைக்ரோஸ்கோப் வைத்து விரைக்குள் விந்தணுவைத் தேடும் ‘மைக்ரோ டீசி’ ஆபரேஷனில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விந்தணு கிடைக்கிறது. ஒரு முட்டைக்கு ஒரு விந்தணு போதும் என்ற ‘இக்சி’ முறையில் முதல் குழந்தை பிறந்தது 1992-ல். அதற்கு முன் இதே ரிப்போர்ட்டோடு வந்தவருக்குச் சொல்ல மருத்துவரிடம் அதிகம் எதுவும் இருக்கவில்லை.

ஆனால் மீதிப் பாதிப் பேருக்குக் கிடைப்பதில்லை. அதை மறைத்துப் பேசுவது நியாயமாகாது. மனநிலை மிகவும் கீழே போகும் சமயங்களில் ‘நில்’ உறுதியான முதல் சில வாரங்கள் ஒன்று, ஆபரேஷனில் கிடைக்கவில்லை என்று தெரிந்த நாள் இன்னொன்று. அந்த இரண்டு கட்டத்திலும் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள், தனியாக வண்டி ஓட்டித் திரும்பாதீர்கள், அன்றே எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

சாம்பிள் கொடுக்கும் அறையில் எனக்கு வரவே மாட்டேன் என்கிறது.

ஒரு கட்டில், ஒரு டிஷ்யூ பெட்டி, பெயர் ஒட்டிய பிளாஸ்டிக் டப்பா. கதவுக்கு வெளியே அடுத்த டோக்கன்காரர் செருப்பு தேய்க்கும் சத்தம். எவருக்கும் வராமல் போகக்கூடிய இடம்தான் அது. முன்கூட்டியே சொன்னால் நாலைந்து வழி இருக்கிறது.

வீட்டில் எடுத்துக் கொண்டுவரலாம். ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர வேண்டும், அரை மணியில் சேர்ந்தால் இன்னும் நல்லது. டப்பாவைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக் கொண்டுவர வேண்டும். ஏசி காரின் டேஷ்போர்டில் வைத்தால் அசைவு குறைந்து காட்டும். எச்சில், சோப்பு, தேங்காய் எண்ணெய் எதுவும் கூடாது. கடையில் விற்கும் சாதாரண ஆணுறையும் கூடாது, சாம்பிளுக்கென்றே மருந்து தடவாத உறை இருக்கிறது, மையத்தில் கேளுங்கள். கடைசியாக விந்து வெளியேறி 2 நாளுக்குக் குறையாமல், 7 நாளுக்கு மிஞ்சாமல் இருக்க வேண்டும். முதல் சொட்டுகளில்தான் விந்தணு அதிகம். அது கீழே சிந்தியிருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பொய்யான ரிப்போர்ட்டுக்கு உண்மையாக அழுதுகொண்டிருப்பீர்கள்.

உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் ஐவிஎஃப் என்றால் இன்னொரு ஏற்பாடும் உண்டு. மனைவிக்கு முட்டை எடுக்கும் நாளுக்குச் சில வாரம் முன்பே ஒரு சாம்பிளை உறைய வைத்துவிடலாம். அன்று வந்தால் புதியது, வராவிட்டால் உறைந்தது. ‘நம்மிடம் ஒன்று இருக்கிறது’ என்று தெரிந்தாலே பலருக்கு அன்று தடை வருவதில்லை.

நாள் பார்த்துச் சேரச் சொல்கிறார்கள். அந்த நாளில் மட்டும் முடிவதில்லை.

காலையில் தூங்கி எழும்போது விறைப்பு இருக்கிறதா? இருந்தால் ரத்த ஓட்டமும் நரம்பும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன, தடை பதற்றத்தில் இருக்கிறது. பதற்றத்தில் அட்ரினலின் ஏறும், அட்ரினலின் ரத்தக் குழாயைச் சுருக்கும். இதை வைராக்கியத்தால் வெல்ல முடியாது. முயன்றால் இன்னும் ஏறும்.

‘அந்த ஒரு நாள்’ என்பதே தேவையில்லாத கெடு. முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும் சேர்த்து ஆறு நாள் வாய்ப்பு இருக்கிறது. விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். மாதம் முழுவதும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்தால் அந்த ஆறு நாளும் தானாக அதில் அடங்கிவிடும், யாரும் யாருக்கும் தேதி சொல்ல வேண்டியதில்லை. தேதி தெரிந்தாக வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் மனைவி மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளட்டும். இதையும் மீறித் தொடர்ந்தால் மாத்திரை உண்டு. ஆனால் நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை போடுபவர் அதைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரியும். மெடிக்கலில் நேராகக் கேட்டு வாங்காதீர்கள்.

‘டென்ஷன் ஆகாதே, தானா தங்கும்’ என்கிறார்களே. டென்ஷனால்தான் தங்கவில்லையா?

பாதையில் அடைப்பு இருப்பவர் எவ்வளவு நிம்மதியாக இருந்தாலும் அடைப்பு திறக்காது. மனச்சோர்வு குழந்தைப்பேற்றைக் கெடுப்பது பெரும்பாலும் சுற்றுவழியில்: குடி, சிகரெட், தூக்கமின்மை, தாம்பத்தியம் குறைவது, சிகிச்சையைப் பாதியில் விடுவது. மனச்சோர்வுக்கு மருத்துவம் பார்க்க வேண்டியது நீங்கள் துன்பப்படுகிறீர்கள் என்பதற்காக. அதைக் குழந்தைக்கான தந்திரமாக ஆக்கினால், அடுத்த முறை தங்காதபோது ‘நான் ஒழுங்காக ரிலாக்ஸ் ஆகவில்லை’ என்று புதுப் பழி ஒன்றைச் சுமப்பீர்கள்.

டிப்ரஷன் மாத்திரை விந்தணுவைக் கெடுத்துவிடாதா?

நேர்மையான பதில்: சில மாத்திரைகளுக்குச் சில விளைவு உண்டு, சமாளிக்க வழியும் உண்டு. செர்ட்ரலின், எசிடலோபிராம் வகையைச் சேர்ந்தவை ஆசையைக் குறைக்கலாம், விந்து வெளியேறுவதைத் தாமதப்படுத்தலாம். சாம்பிள் நாளில் இது இடைஞ்சல். இதே வகையைச் சேர்ந்த பராக்ஸடினை ஆரோக்கியமான ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஒரு சிறிய ஆய்வில், எண்ணிக்கையும் அசைவும் மாறவில்லை, ஆனால் விந்தணுவின் டிஎன்ஏ சிதைவு கூடியிருந்தது. இந்த மாற்றங்கள் பெரும்பாலும் மருந்தை விட்டபின் மீளக்கூடியவை. தாம்பத்தியத்தை அவ்வளவாகத் தொடாத மிர்டாசபின், புப்ரோபியான் போன்ற மருந்துகளும் இருக்கின்றன. இருமனக் கோளாறுக்கோ வலிப்புக்கோ வால்ப்ராயேட் எடுப்பவரும், புரோலாக்டின் என்ற ஹார்மோனை ஏற்றும் ரிஸ்பெரிடோன் எடுப்பவரும் அதைக் கட்டாயம் பேசியாக வேண்டும்.

இங்கே கெடுவது பெரும்பாலும் மருந்தால் இல்லை, இரண்டு டாக்டருக்கும் ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாததால். மருந்துச் சீட்டை இருவரிடமும் காட்டுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். சட்டென்று விட்டால் தலைசுற்றல், குமட்டல், மண்டைக்குள் கரன்ட் அடித்தாற்போன்ற உணர்வு வரலாம், சோர்வும் திரும்பலாம். பலன் தெரிய 2 முதல் 4 வாரம், முழுப் பலனுக்கு 6 முதல் 8 வாரம் ஆகும். ‘நாலு நாள் போட்டேன், ஒன்றும் கேட்கவில்லை’ என்று விட்டவர்தான் மருந்தைத் திட்டுவார். லேசானதிலிருந்து நடுத்தரமான சோர்வுக்குப் பேச்சுச் சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருக்கலாம். வாரம் ஒருமுறை, 45 நிமிடம், 8 முதல் 16 அமர்வு.

அசதிக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டால் இரண்டும் சரியாகும் என்று ஜிம்மில் சொன்னார்கள்.

குழந்தை வேண்டும் என்றால் போடாதீர்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளை ‘சரக்கு போதும்’ என்று விரைக்கு அனுப்பும் சமிக்ஞையை நிறுத்திவிடும். உள்ளே உற்பத்தி படுத்து, எண்ணிக்கை பூஜ்யம்வரை இறங்கலாம். ஊசியை நிறுத்தியபின் திரும்ப பல மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். ஜிம் ஸ்டீராய்டும் இதே கதைதான். அதை நிறுத்தும்போது வரும் மனச்சோர்வு தனி. ஏற்கெனவே போட்டிருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். ஹார்மோன் உண்மையிலேயே குறைவு என்றால் விந்தணுவைக் காப்பாற்றியபடி அதை ஏற்ற வேறு மருந்து இருக்கிறது.

லேகியம், பவுடர், ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரை?

சிட்டுக்குருவி லேகியத்தைக் கிண்டல் செய்துகொண்டே இணையத்தில் நாலாயிரம் ரூபாய்க்குப் பவுடர் வாங்குகிறோம். தாம்பத்திய சக்தியைக் கூட்டுவதாக மருந்தை விளம்பரம் செய்வதே 1954 சட்டப்படி குற்றம். இத்தகைய பவுடர்களில் விறைப்பு மருந்தான சில்டெனாஃபில் கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. இதய நோயாளிக்கு அது ஆபத்து. துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் கொடுத்து 2,370 தம்பதிகளிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 2020-ல் வெளியானது. உயிரோடு பிறந்த குழந்தைகள் அதனால் கூடவில்லை. சிகரெட்டை விட்டு அந்தக் காசை மிச்சம் பிடிப்பது மேல்.

வீட்டில் யாரிடம், எவ்வளவு சொல்வது?

மனைவியிடம் முழுவதும் சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டைப் பீரோவில் ஒளித்துவைத்துவிட்டு, அவளை மாதாமாதம் ஸ்கேனுக்கும் ஊசிக்கும் அனுப்பிக்கொண்டிருப்பது அவளுக்குச் செய்யும் அநியாயம். நீளமாகப் பேச வராவிட்டால் இவ்வளவு போதும்: “ரிப்போர்ட்ல என் பக்கமும் குறை இருக்கு. எனக்கு அதை எப்படித் தாங்கிக்கிறதுன்னு தெரியல. அடுத்த தடவை நீயும் கூட வா.”

மாமியார், நாத்தனார் முன்னால் பல மனைவிமார் “எனக்குத்தான் பிரச்சினை” என்று பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறார்கள். பாசத்தில் செய்வதுதான். ஆனால் வளைகாப்பில் வளையல் போட அவளைக் கூப்பிடாமல் விடும்போது அந்தப் பொய்யின் விலையை அவள் ஒருத்தி மட்டும் கொடுக்கிறாள், பார்த்துக்கொண்டிருக்கும் கணவன் இன்னும் கீழே போகிறான். உண்மை முழுவதையும் ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. “ரெண்டு பேருக்கும் ட்ரீட்மென்ட் நடக்குதும்மா, சேதி இருந்தா நாங்களே சொல்றோம்” என்பது பொய்யும் இல்லை, விவரமும் இல்லை. அதைக் கணவன்தான் தன் அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

கல்யாண வீட்டில் “விசேஷம் ஒண்ணும் இல்லையா?” என்று கேட்கும் பெரியப்பாவுக்கு விளக்கம் தர வேண்டாம். “வரும்போது சொல்றேன் பெரியப்பா, நீங்க சாப்பிட்டீங்களா?” என்று அடுத்த பேச்சுக்குத் தாண்டிவிடுங்கள். பெயர்சூட்டு விழாவுக்குப் போக மனம் இல்லாவிட்டால் மொய்யை அனுப்பிவிட்டு வீட்டில் இருப்பது குற்றமில்லை. கோயிலுக்குப் போவதும் சஷ்டி விரதம் இருப்பதும் மனதுக்குத் தெம்பு தருமென்றால் இருங்கள். மருந்தை நிறுத்திவிட்டு இருக்கச் சொன்னால் மட்டும் மறுத்துவிடுங்கள்.

யாரைப் போய்ப் பார்ப்பது? பைத்தியம் என்று முத்திரை குத்திவிட மாட்டார்களா?

தொடங்க எளிய இடம் நீங்கள் போகும் கருத்தரிப்பு மையமே. கருத்தரிப்புச் சிகிச்சைக்கென 2021-ல் வந்த சட்டப்படி தம்பதிக்கு கவுன்சலிங் தருவது மையத்தின் கடமை. நடைமுறையில் பல இடங்களில் அது பணம், பேக்கேஜ் பற்றிய பேச்சாகச் சுருங்கிவிடுகிறது. “எனக்கு மனசு சரியில்லை, அதைப் பற்றிப் பேச வேண்டும்” என்று அந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையில் ஓபி சீட்டு போட்டால் போதும். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலும் வெளிநோயாளி பிரிவு உண்டு. முதல் சந்திப்பில் தூக்கம், பசி, வேலை, குடி, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்பார்கள். கட்டிப்போடுவதோ ஷாக் வைப்பதோ சினிமாவில் வருவது. விந்துப் பரிசோதனைத் தாளையும் எடுத்துப் போங்கள், அதிலிருந்து பேச்சைத் தொடங்குவது சுலபம். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் விவரம் ரகசியமாக இருக்க வேண்டும், ஆபீசுக்கோ அப்பாவுக்கோ உங்களைக் கேட்காமல் சொல்லக் கூடாது.

போனில் பேச: டெலி மானஸ் 14416, தமிழக அரசின் 104, சென்னை சிநேகா 044-2464 0050. பெயர் சொல்லாமலும் பேசலாம்.

ராத்திரி ரெண்டு கட்டிங் போட்டால்தான் தூக்கம் வருகிறது.

மதுவால் வருவது மயக்கம்; விடியற்காலை மூன்று மணிக்கு அதுவே எழுப்பிவிடும். மறுநாள் சோர்வு ஏறும், டெஸ்டோஸ்டிரோனும் விந்தணுவும் இறங்கும். எப்போதாவது குடிப்பவர் இன்றே நிறுத்தலாம். தினமும் குவார்ட்டர், அதற்கு மேல் போகிறவர் மட்டும் திடீரென்று நிறுத்தக் கூடாது. 6 மணியிலிருந்து 48 மணி நேரத்துக்குள் கைநடுக்கமும் வலிப்பும் வரலாம், அதற்குப் பிறகு பிதற்றலும் வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரையோடு நிறுத்த வேண்டும். தூக்க மாத்திரையையும் சரக்கையும் ஒரே இரவில் சேர்த்தால் மூச்சே நின்றுவிடக்கூடும்.

செத்துவிட்டால் அவளாவது வேறு கல்யாணம் செய்து நன்றாக இருப்பாள் என்று தோன்றுகிறது.

இந்த வாக்கியம் தியாகம் போலத் தோன்றும், அது நோய் பேசும் பேச்சு. மனச்சோர்வின் அறிகுறிப் பட்டியலிலேயே இது இருக்கிறது, சிகிச்சையில் மறையும். அதுவரை செய்ய வேண்டியது தூரத்தை உண்டாக்குவது. வீட்டிலோ தோட்டத்திலோ பூச்சிமருந்து இருந்தால் இன்றே வெளியேற்றுங்கள், மாத்திரைகளை வேறொருவர் பொறுப்பில் விடுங்கள், இரவில் தனி அறை வேண்டாம். உந்துதல் உச்சத்தில் இருப்பது பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருப்பது உயிரைக் காக்கிறது.

பக்கத்தில் இருப்பவர் நேராகக் கேட்கலாம்: “சாகணும்னு தோணுதா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆமாம் என்றால் தனியே விடாமல் 14416, ஏதாவது செய்துகொண்டிருந்தால் 108.

டோனர் விந்தணு என்று டாக்டர் பேச்செடுத்ததும் எழுந்து வந்துவிட்டேன்.

எழுந்து வந்தது தவறில்லை. தன் சாயலில் ஒரு குழந்தை என்ற எதிர்பார்ப்பு போய்விட்டது. அது சாவுக்குத் துக்கம் காப்பது போன்றது, நாள் எடுக்கும். அந்தத் துக்கம் ஆறுமுன் ‘சரி சரி’ என்று தலையாட்டியவருக்குப் பின்னால், மனைவி கர்ப்பமான பிறகு, அது திரும்பி வரும். சட்ட விவரங்கள் மட்டும் தெரிந்திருக்கட்டும்: கொடையாளி 21 முதல் 55 வயதுக்குள் இருப்பவர், பதிவுபெற்ற வங்கி வழியாகத்தான் வர வேண்டும், இருவரின் எழுத்துச் சம்மதம் கட்டாயம், பிறக்கும் குழந்தைக்குச் சட்டப்படி அப்பா நீங்கள்தான், கொடையாளிக்கு உரிமை எதுவும் கிடையாது. “யாருக்கும் தெரியாமல் உங்கள் சாம்பிள் என்றே வைத்துக்கொள்வோம்” என்று எவராவது சொன்னால் அந்த மையத்தை விட்டு வெளியேறுங்கள்.

என் வீட்டுக்காரர் வாயே திறக்க மாட்டேன் என்கிறார். நான் என்ன செய்வது?

எதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துக் கேட்டால் பல ஆண்கள் மூடிக்கொள்வார்கள். பைக்கில் பின்னால் உட்கார்ந்தபடி, துணி மடித்தபடி, நடந்தபடி கேளுங்கள். “ஏங்க, ஏன் இப்படி இருக்கீங்க” என்று பொதுவாகக் கேட்பதைவிட “நாலு நாளா ராத்திரி மாடியிலேயே இருக்கீங்க, தூக்கம் வரலையா?” என்று கண்ணால் பார்த்ததைச் சொல்லிக் கேட்டால் பதில் வரும். மனநல டாக்டர் என்றதும் மறுத்தால் தூக்கத்துக்கு டாக்டரைப் பார்ப்போம் என்று தொடங்கலாம், அதுவும் உண்மைதானே. உங்கள் துக்கத்துக்கும் ஓர் ஆள் தேவை. அந்த ஆள் அவராகவே இருக்க வேண்டும் என்று இல்லை, அக்காவாகவும் இருக்கலாம்.

எத்தனை தடவை முயற்சி செய்வது? எப்போது நிறுத்துவது?

தோல்விச் சேதி வந்த அன்று இதை முடிவு செய்யக் கூடாது. சிகிச்சை தொடங்குமுன்பே இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்: அதிகபட்சம் எத்தனை சுற்று, எவ்வளவு பணம், எந்த நகையைத் தொடுவதில்லை, எந்த மாதம் மறுபடி யோசிப்பது. ரிசல்ட் நாளுக்கும் ஏற்பாடு வேண்டும். ரத்தப் பரிசோதனை முடிவை யார் போனில் கேட்பது, அன்று இருவருக்கும் லீவா, அம்மாவுக்கு யார் சொல்வது.

நடுவில் மூன்று மாதம் இடைவேளை எடுப்பது ஆணின் பக்கம் பெரும்பாலும் நஷ்டமில்லை, ஒரு புதுச் சுற்று விந்தணு உருவாகும் காலம் அது. மனைவிக்கு 35 தாண்டியிருந்தால், முட்டை இருப்பைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு காலம் தள்ளலாம் என்று முதலில் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். உறைய வைத்த கரு இருந்தால் சட்டப்படி 10 ஆண்டுவரை வைத்திருக்கலாம். அதற்கான கட்டணத்தை எப்போது புதுப்பிக்க வேண்டும் என்பதை இருவர் போனிலும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இடைவேளையில் ஆஸ்பத்திரி நம்பரை எடுக்காமல் விட்டு, அந்த நாளைத் தவறவிடுகிறவர்கள் உண்டு.